விரல் மறக்காது, தோல் மறந்துவிடும்

14 வருடமாகத் தக்கலை வீட்டு மச்சில் கிடந்த, ஸ்பெயின் நாட்டு பிளமெங்கோ இசைக்கான கிட்டாரைப் போன ஆனிச் சாரலில் கீழே இறக்கினேன். பெட்டிக்குள் பூஞ்சை வாடை. தடித்த மூன்று கம்பிகளும் கறுத்திருந்தன. அவற்றில் நைலானுக்கு மேல் சுற்றியிருப்பது வெள்ளி பூசிய செம்பு. ஈரமும் உப்புக்காற்றும் அதை விட்டுவைக்காது. புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, பிளமெங்கோவின் தாள வடிவங்களில் ஒன்றான சோலெயாவில் பழைய உருப்படி ஒன்றைத் தொடங்கினேன். அடுத்து எந்தச் சுரம் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. யோசிக்காமல் விட்டால் இடது கை தானாகவே போய், கழுத்துப் பலகையில் சரியான ஃபிரெட்டில் (கட்டையில்) உட்கார்ந்தது.

நேற்று வைத்த மீன்குழம்பு நினைவிலிருப்பதும் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருப்பதும் மூளைக்கு இரண்டு வேறு வேலைகள். முதலாவதற்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். இரண்டாவதைச் சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்ளியாவும் பார்த்துக்கொள்கின்றன. இது தெரியவந்ததில் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குப் பெரிய பங்குண்டு. வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த அறுவையில் இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை இழந்தவர் அவர். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். மூன்று நாளில் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் அதற்கு முன் அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை.

கை பழகியது போகாது, சரி. தலையால் படித்தது? 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அதற்கும் ஒரு பதில் சொன்னார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி படித்துப் பார்த்தார். இரண்டாம் முறைக்குக் குறைந்த நேரமே பிடித்தது. சோலெயாவின் 12 எண்ணிக்கைத் தாளத்தில் அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். எனக்கு அது முதலில் படிய ஒரு வருடம் ஆனது; இந்த முறை ஒரே வாரம். (இந்த இசை பிறந்த அந்தலூசியா ஸ்பெயினின் தென்கோடி. நாமும் தென்கோடிதான். அதற்கு மேல் ஒற்றுமை தேட வேண்டாம்.)

சிக்கல் வலது கையில். கிணற்றில் நீர் இறைப்பது, பஸ் கம்பியைப் பிடிப்பது, ரப்பர் பால் வெட்டுவது என்று நம் அன்றாட வேலை எல்லாம் கையை மூடுகிற வேலை. ரஸ்கெயாடோ என்ற பிளமெங்கோ மீட்டல் இதற்கு நேர் எதிர்: மடக்கிய விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகள் மேல் விசிறித் திறக்க வேண்டும். கேரம் ஆடுகிறவர்களின் ஆட்காட்டி விரலுக்கு இது பழக்கம். மோதிர விரலுக்குத்தான் பாடு. விரலை நீட்டும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. ஆட்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் பொதுத் தசை போகத் தனித் தசையும் உண்டு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் பொதுத் தசை மட்டும்தான். போதாததற்குப் புறங்கையில் அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்தும் கிடக்கின்றன. உள்ளங்கையை மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். நகராது.

தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசையைவிட மெதுவாகத்தான் அது உரமேறும். புதிதாகப் படிக்கிறவருக்கு வேகமே தெரியாது, அதனால் தப்பித்துக்கொள்வார். திரும்பி வருகிறவரின் மூளையிலோ பழைய வேகம் அப்படியே இருக்கிறது. கட்டளையும் அதே வேகத்தில் போகிறது. இரண்டாம் வாரமே என் மணிக்கட்டு வீங்கியது. குலசேகரத்தில் பால் வெட்டும் நண்பர் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “இலை உதிரும்போ வெட்டு நிறுத்திட்டு மறுபடி தொடங்கினா, முதல் வாரம் எங்களுக்கும் இப்பிடித்தான் அண்ணே.” அப்புறம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று குறைத்துக்கொண்டேன்.

தோலுக்கு ஞாபகமே கிடையாது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பித்துக்கொள்வதால், இடது விரல் நுனியில் இருந்த பழைய காய்ப்பு எப்போதோ உதிர்ந்துபோயிருக்கும். கம்பி தினமும் அழுத்தினால் செல்கள் கூடுதலாகப் பெருகி, கெரட்டின் என்ற கடினப் புரதத்தின் அடுக்கு தடித்து, மறுபடி காய்த்துப்போகும். வலி அதிகமாக இருந்தால் விரலைத் திட்டும் முன் கிட்டாரையும் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் மேல்பலகை உப்பி, கம்பி உயர்ந்திருக்கலாம்.

நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ரஸ்கெயாடோவுக்கு வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நேற்றுத் தேங்காய் உடைக்கும்போது மோதிர விரல் நகம் விரல் நுனியோடு ஒடிந்துவிட்டது. அடுத்த மாதம்வரை மூன்று விரல்தான்.