மூடி இறுகினால் மட்டும் போதாது

உணவு நுண்ணுயிரியல்தான் என் தொழில். தோட்டம் போட்டு, விளைந்ததை வீட்டிலேயே பதப்படுத்தி வைக்க விரும்புகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஒருமுறை ஓர் அம்மா, தான் போட்ட பீன்ஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, காய் நிறம் மாறவில்லை, மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி இறுகியிருந்தது. "மூணு மணி நேரம் கொதிக்க வெச்சேன் சார், இனி கெடாதுல்ல?" என்று கேட்டார். அதைத் திறக்கவே வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது.

பிரச்சினை அந்த இறுகிய மூடியிலேயே இருக்கிறது. மண்ணில் சாதாரணமாக வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கிக்கிடக்கும் அதன் வடிவம்) காயோடு ஒட்டிக்கொண்டு வரும். சில மணி நேரம் 100 டிகிரியில் கொதிக்கவைத்தாலும் அவை தாக்குப்பிடித்துவிடக்கூடும், கூடவே இருந்த மற்ற கிருமிகள் செத்துப்போகும், காற்றும் வெளியேறிவிடும். அப்புறம் என்ன? காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம், போட்டிக்கும் ஆளில்லை. முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சுக்கு வாடையோ ருசியோ கிடையாது என்பதால், மோந்து பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

நினைவில் வைக்கவேண்டிய எண் ஒன்றுதான்: புளிப்பை அளக்கும் பி.எச். அளவில் 4.6. அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பாக இருந்தால் இந்த வித்து முளைக்காது. அதனால் பெரும்பாலான பழங்கள், வினிகரில் போட்ட ஊறுகாய் போன்றவற்றுக்குக் கொதிநீரே போதும். பீன்ஸ், மக்காச்சோளம், கேரட், இறைச்சி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே. இவற்றுக்கு 116 முதல் 121 டிகிரி வரை சூடு வேண்டும், அழுத்தத்தில் பாட்டில்களைப் பதப்படுத்துவதற்கென்றே செய்த பாத்திரத்தில்தான் அது நம்பகமாகக் கிடைக்கும். சமையல் குக்கர் அதற்கு ஈடாகாது. அது சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும், சோதித்து நிர்ணயித்த நேரக்கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. தக்காளி கோட்டை ஒட்டியே நிற்கிற ஆள், அதனால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் சேர்த்தே ஆகவேண்டும். எண்ணெயில் ஊறவைத்த பச்சைப்பூண்டும் இதே ஆபத்துதான்: ஃபிரிட்ஜில் வையுங்கள், 4 நாளில் முடித்துவிடுங்கள்.

பயந்து விட்டுவிடச் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் உப்பு நீரில் நொதிக்கவைப்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். ஒரு கிலோ முட்டைக்கோஸுக்கு 25 கிராம் உப்பு, கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். பிசைந்தால் அதிலேயே நீர் விடும், அந்த நீருக்குள் காய் முழுக்க முங்கியிருக்கும்படி மேலே ஒரு கனம் வையுங்கள். ஓரிரு நாளில் குமிழ் வரும், லாக்டிக் அமில பாக்டீரியா தானே புளிப்பை உண்டாக்கும். உலர்த்துவதும் நல்ல தொடக்கம்தான். காய் ஒடித்தால் 'பட்' என்று ஒடியவேண்டும், பாட்டிலில் போட்டபின் உட்பக்கம் வியர்த்தால் இன்னும் காயவில்லை, எடுத்து மறுபடி உலர்த்துங்கள்.

இன்னொன்று. வீட்டில் போட்ட பாட்டில் உணவைச் சாப்பிட்டபின், பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள், பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, வாய் உலர்வது, விழுங்கமுடியாமல் போவது என்று ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நச்சுமுறிவு மருந்து இருக்கிறது, ஆனால் அது நஞ்சு மேற்கொண்டு வேலைசெய்யாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே செயலிழந்த தசையை உடனே மீட்டுத் தராது.