சிரையில் ஓர் உறைவு, தமனியில் ஓர் உறைவு

காலிங்கராயன் வாய்க்காலில் நீர் வளைந்து வளைந்து நிதானமாகச் செல்வதால், ஓட்டம் தளர்ந்த மூலைகளில் குப்பையும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கித் தேங்கும். அதே ஈரோட்டுப் பக்கத் தோட்டங்களில் போர்வெல் மோட்டார் தள்ளும் நீர் விசையோடு பாய்கிறது; அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், காரணம் தேக்கமன்று, உட்சுவரில் ஆண்டுக்கணக்காக ஏறிய உப்பு. ‘இரத்தம் கட்டிக்கொண்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் நோயிலும் இப்படி இரண்டு வகை உண்டு.

காலின் சிரைகளில் இரத்தத்தை மேலே ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையின் அழுத்தமே. இடுப்பு அறுவைக்குப் பின் படுத்தே கிடப்பவருக்கோ, கோவையிலிருந்து தொலைதூரப் பேருந்தில் இரவு முழுவதும் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கோ அந்த அழுத்தம் குறைய, சிரை வால்வுகளின் மடிப்புகளில் இரத்தம் தேங்கி, ஃபைப்ரின் என்னும் புரத இழைகளில் சிவப்பணுக்கள் சிக்கிய செந்நிற உறைவு உருவாகக்கூடும். அதிலிருந்து பிய்ந்த துண்டு இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலை அடைக்கும். தமனியிலோ, கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக் குவிந்து வெளிறிய உறைவாகின்றன. மாரடைப்புக்கும் பலவகைப் பக்கவாதத்துக்கும் அதுவே காரணம்.

ஆகவே சிரைக்கு, ஃபைப்ரின் உருவாவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் வார்ஃபரினும், தமனிக்கு, தட்டணுக்கள் ஒட்டிக் குவிவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் என்று மருத்துவம் நெடுங்காலம் வகுத்துவைத்திருந்தது. வசதியான பிரிவுதான், ஆனால் உடல் அதற்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. வெளிப்படையான காரணமின்றிச் சிரை உறைவு வந்தவர்களின் கழுத்துத் தமனிகளில் கொழுப்புப் படிவு மிகுதியாகக் காணப்படுவதை இத்தாலிய மருத்துவர்கள் 2003-இல் காட்டினர். முதுமை, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவை இரு பக்கமும் தீங்கு செய்வது இதற்கு ஒரு விளக்கம். 2012-இல் வெளியான இரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிரை உறைவு மீண்டும் வருவதை ஆஸ்பிரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தது. (வார்ஃபரின் போன்ற வழக்கமான உறைவெதிர் மருந்துகள் இதைவிட மிகுதியாகக் குறைப்பவை, அவற்றுக்கு இது மாற்றாகாது.) மாறாக, 2017-இல், தமனி நோயாளிகளுக்கு ஆஸ்பிரினுடன் ரிவராக்சபான் என்னும் உறைவெதிர் மருந்தைச் சிறிதளவு கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய-இரத்தக்குழாய் நோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டளவு சுமார் 24 விழுக்காடு குறைந்தது, இரத்தப்போக்கு கூடியது.

நேர்வழி ஒன்றும் உண்டு. கருவில் இதயத்தின் மேலறைகளுக்கிடையே இருக்கும் திறப்பு, வளர்ந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. முக்கும்போதோ இருமும்போதோ வலப்பக்க அழுத்தம் ஏறினால், காலிலிருந்து வந்த உறைவு நுரையீரலுக்குப் போகாமல் அதன் வழியே இடப்பக்கம் தாவி மூளைத் தமனியை அடைத்துவிடும். தமனிகள் தூய்மையாக உள்ள இளவயதுக்காரருக்குப் பக்கவாதம் வரும்போது, மருத்துவர் சில வேளைகளில் கால் சிரைகளையும் ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான்.