காதை மூடினால் கட்டளை கேட்காதா?

பினாங்கில் கேள்திறன் சோதனைக்கு என்னிடம் வரும் ஓய்வுபெற்ற இராணுவ வீரர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "பேசறது கேட்குதும்மா, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." இவர்களுடைய ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ச, ஸ, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அந்த உயர்ந்த சுருதிகள் வேண்டும். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுபவருக்கு இடது காது கூடுதலாகக் கெட்டிருக்கும், குழல்வாயை நோக்கியிருப்பது அதுதானே.

துப்பாக்கி வேட்டுச் சத்தம் சுடுபவரின் காதருகே 150 டெசிபலைத் தாண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு பணியிட இரைச்சல் விதிமுறைகள் திடீர்ச் சத்தத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 140. ஒலியை உணரும் உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

"அப்போ ஏன் அங்கிள் இயர்ப்ளக் போடல?" என்று கேட்டால், "போட்டா சார்ஜன் சொல்றது கேட்காதே" என்பார்கள். இது சாக்கு அல்ல. புதரில் சருகு நொறுங்கும் சத்தமும் அவர்களுக்குக் கேட்டாக வேண்டும். வெறுமனே "காதை மூடு" என்று அதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நுண்துளை வைத்த இயர்ப்ளக் இருக்கிறது. மெல்லிய பேச்சு ஓரளவு உள்ளே வரும், வேட்டின் அதிர்ச்சி மட்டும் தடுக்கப்படும். கவச வாகனத்தின் ஓயாத இரைச்சலுக்கு அது போதாது. அங்கே வேண்டியது வெளிச்சத்தத்தை அடைத்து, ரேடியோவைக் காதுக்குள் தரும் ஹெட்செட். வெளியே மைக் வைத்த மின்னணுக் காதுக்கவசம் பேச்சைப் பெருக்கித் தரும், வேட்டு வந்தால் அடக்கிவிடும். ஆனால் காதுமடல் மூடப்படுவதால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் தடுமாற்றம் வரும். ரோந்து போகிறவருக்கு அது ஆபத்து.

பலர் கவனிக்காத ஒன்று: காதை அடைத்தால் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்கும், அதனால் தன்னையறியாமல் தணிந்து பேசுவோம். எதிரில் இருப்பவரும் காதை அடைத்திருப்பார். கட்டளை தொலைவது பல நேரம் இங்கேதான். நமக்கே கத்துவதுபோல் தோன்றும் அளவுக்குக் குரலை உயர்த்திப் பேசவும், கேட்டவர் கட்டளையைத் திருப்பிச் சொல்லவும் பயிற்சி தர வேண்டும்.

அப்புறம், நுரை இயர்ப்ளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்தியிருந்தால் எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பிள்ளை இராணுவத்தில் சேரப்போகிறாரா? முதல் பயிற்சிக்கு முன்பே ஒரு ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். சுட்டு முடித்த பிறகு காது அடைத்த மாதிரியோ, "கொய்ங்" என்ற சத்தமோ மறுநாளும் இருந்தால், விடுமுறைவரை காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.