சொல் விளக்கம்: தன்நிதி

விளையாட்டுக் கிளப் நடத்துபவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'செல்ஃப் ஃபைனான்சிங்'. தமிழில் 'சுயநிதி' என்று எழுதுகிறோம். அகராதிப்படி தவறில்லை. ஆனால் சுயநிதிக் கல்லூரி என்று சொல்லிச் சொல்லியே, 'அரசு உதவி இல்லாதது, கட்டணம் வாங்குவது' என்ற சாயல் அதில் ஏறிவிட்டது. கிளப் விஷயத்தில் பொருள் வேறு. சந்தா, பயிற்சிக் கட்டணம், டிக்கெட், கேன்டீன் என்று தன் நடவடிக்கைகளிலிருந்தே செலவுக்குப் பணம் ஈட்டுவது. இதற்குத் 'தன்நிதி' பொருத்தமாகப் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், கிளப் என்ற சொல்லுக்குள்ளேயே இந்தப் பொருள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் அது தடியைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில், பலர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செலவைப் பகிர்வதையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். கிளப்புக்கு நாம் சொல்லும் 'கழகம்' திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடம்! நல்லவேளை, பின்னால் அதன் பெயர் தேறிவிட்டது.

அடுத்தது 'தொழில்முனைவோர்'. ஆங்கிலத்தில் 'ஆன்ட்ரபிரனர்'. அதற்கு மூலமான பிரெஞ்சு வினைக்கு, ஒரு காரியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துச் செய்தல் என்று பொருள். ரிச்சர்ட் கான்டில்லனின் 1755இல் வெளியான பொருளாதார நூல் இந்த ஆளை, தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவராகக் காட்டுகிறது. கிளப் பொருளாளரின் பாடு அச்சு அசல் இதுதான். பயிற்சியாளர் சம்பளம் சீசனுக்கு முன்பே முடிவாகிவிடும். வசூலோ மழையையும் அணியின் வெற்றி தோல்வியையும் பொறுத்தது.

முனைதல் என்றால் துணிந்து முற்படுதல்; ஆகவே 'முனைவு' நல்ல சொல். ('முனைவர்' பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உறுப்பினர்களே நடத்தும் கிளப்பில் லாபத்தைப் பங்கு பிரிக்க முதலாளி கிடையாது என்பதால், முன்னால் ஒட்டியிருக்கும் 'தொழில்' கொஞ்சம் உறுத்துகிறது. 'முனைவு மனப்பான்மை' போதும். மாலையில் மட்டும் பயிற்சி நடக்கும் மைதானம் பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பள்ளிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாமா, புல் தாங்குமா, பராமரிப்புச் செலவு போக என்ன மிஞ்சும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் அது.

அப்புறம் ஸ்பான்சர். லத்தீனில் 'உறுதி கொடுப்பவர்'. இவரைப் 'புரவலர்' என்பது எனக்கு ஒப்பவில்லை. புரவலர் பாட்டைத் தவிர வேறு கைம்மாறு கேட்காதவர். ஸ்பான்சருக்குச் சட்டையில் பெயர் வேண்டும். அது வியாபார ஒப்பந்தம். 'விளம்பர ஆதரவாளர்' சரி. அவர் தருவது தன்நிதியில் சேரும், நன்கொடை சேராது.

கடனில்தான் சிக்கல். லண்டனில் 2002இல் ரசிகர்களே தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன் கால்பந்துக் கிளப், 2020இல் குடிபுகுந்த ப்ளவ் லேன் மைதானத்துக்காக ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்றும் பணம் திரட்டியது. சொந்த ஆட்களின் பணம்தான், ஆனாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதைத் தன்நிதி என்று எழுத முடியாது. அந்த மைதானத்தில் விற்கும் டிக்கெட் வருமானத்தை எழுதலாம்.