கோட்டு மாட்டிக்கொள்ளாத விருந்தாளி

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஊர்ப் பழம்பொருள் கடைகளில் பழைய பீர் விளம்பரங்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் மினசோட்டாவில் அவசரச் சிகிச்சை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு அவற்றை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் உண்டு. அதற்காக வீட்டில் திட்டு வாங்குவதும் உண்டு. சன்னலுக்கு வெளியே பனி, உள்ளே கணப்பு, மேசையில் நுரை தளும்பும் குவளைகள், வாசலில் சிவந்த கன்னத்தோடு விருந்தாளிகள். வரைந்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

பீருக்கும் பனிக்கும் இயல்பான உறவு எதுவும் கிடையாது. அது வெயில் காலத்துப் பானம். குளிர் வந்தால் விற்பனை படுத்துவிடும். கோகோ கோலாவுக்கும் இதே தலைவலி இருந்தது. தாகத்துக்குப் பருவம் கிடையாது என்று 1922இல் அது விளம்பரம் செய்தது. 1931இல் ஹேடன் சன்ட்ப்ளோம் வரைந்த சாண்டா கிளாஸைக் களத்தில் இறக்கியது. பீர் ஆலைகளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அமெரிக்க மதுவிலக்கு 1933 டிசம்பர் 5 அன்று முழுமையாக நீங்கியபோதும், மதுக்கடையின் கெட்ட பெயர் நீங்கவில்லை. பீரைக் கடையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். 1935 ஜனவரியில் டின் பீர் விற்பனைக்கு வந்தது அதற்கு வசதியாக அமைந்தது. 1945 முதல் பத்தாண்டுக்கு மேல் ஆலைகளின் சங்கம் அமெரிக்க இல்லற வாழ்க்கை என்ற ஓவிய வரிசையைப் பத்திரிகைகளில் வெளியிட்டது. டக்ளஸ் குரோக்வெல் போன்ற பெரிய ஓவியர்கள் வரைந்தார்கள். மிதத்தின் பானம் என்பது அதன் பல்லவி. இன்று அதன் வழிவந்த சங்கத்தின் விளம்பர நெறிமுறை சாண்டாவைச் சேர்க்கக் கூடாது என்கிறது. பனிக்குத் தடையில்லை.

என் சேகரிப்பில் உள்ள படங்களில் விருந்தாளிகள் உள்ளே வருகிறார்கள், உட்கார்கிறார்கள், சிரிக்கிறார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடம் வருபவர்கள் அவர்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விருந்தில் ஐந்தாறு பீர். வீடு மூன்று தெரு தள்ளி. உடம்பு கதகதப்பாக இருந்ததால் கோட்டை நண்பர் வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்திருக்கிறார். வழியில் உட்கார்ந்தவர் எழவில்லை. வரும்போது உடல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸ். 35க்குக் கீழே போனாலே ஆபத்து. கண் விழித்ததும் அவர் சொன்னது, தமக்குக் குளிரவே இல்லை என்பது.

அவர் பொய் சொல்லவில்லை. மது தோலடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளைக் காக்க வேண்டிய சூடான ரத்தம் தோலுக்குப் பாய்கிறது. கன்னம் சிவக்கிறது, கதகதப்பு தெரிகிறது. அந்தச் சூடு காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். நடுக்கம் என்பது உடல் தானே மூட்டிக்கொள்ளும் அடுப்பு. மது அதையும் தணித்துவிடும். கோட்டு எங்கே என்று கேட்க வேண்டிய மூளையும் அப்போது மந்தமாகியிருக்கும். ஓவியர் வரைந்த அந்தச் சிவந்த கன்னம், மருத்துவர் கண்ணுக்கு வெப்பம் வெளியேறும் வாசல்.

மது குளிரைப் போக்கும் என்ற நம்பிக்கையை வளர்த்ததில் ஓவியத்துக்குப் பழைய பங்கு உண்டு. ஆல்ப்ஸ் மலையில் பனியில் விழுந்தவரை மீட்கும் நாய்களை எட்வின் லேண்ட்சீர் 1820இல் வரைந்தபோது, ஒன்றின் கழுத்தில் சிறிய மதுப் பீப்பாயைத் தொங்கவிட்டார். அப்போது அவர் இருபது வயதைத் தொடாத இளைஞர். பீப்பாய் இன்றும் அந்த நாயை விட்டுப் போகவில்லை.

பண்டிகைக் காலத்துக்கென்றே வரும் பீர்களில் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண 355 மில்லி பீரில், 5 சதவீதம் என்றால், சுமார் 14 கிராம் ஆல்கஹால். ஆஸ்திரியாவில் தயாராகும் ஸாமிக்லௌஸ் 14 சதவீதம். அதன் 330 மில்லி புட்டியில் சுமார் 36 கிராம். ஒரு புட்டிதான் குடித்தேன் என்பவர், சாதாரண பீர் கணக்கில் இரண்டரைக்கும் மேல் குடித்திருக்கிறார். விடுமுறைக் குடிக்குப் பிறகு நெஞ்சு தாறுமாறாகப் படபடக்கும் கோளாறுக்கு 1978 முதலே 'விடுமுறை இதயம்' என்று மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. இதய நோயே இல்லாதவர்களுக்கும் அது வரும்.

குடித்துவிட்டுப் பனியில் கிடப்பவரைத் தூங்கட்டும் என்று விடாதீர்கள். மெல்ல உள்ளே கொண்டுவந்து, ஈரத் துணியைக் களைந்து, முதலில் நெஞ்சையும் வயிற்றையும் போர்வையால் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். பேச்சு குழறினாலோ, நடுக்கம் திடீரென்று நின்றாலோ அவசர உதவிக்கு, இங்கே 911. நடுக்கம் நின்றதைக் கண்டு, தேறிவிட்டார் என்று நிம்மதியடைந்த நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிருக்கு இதமாக இன்னொரு மடக்கு கொடுத்தவர்களையும்.