கெஸ்டால்ட்: 'முழுமை' என்று சொன்னால் போதுமா?

உளவியல் நூல்களிலும், வடிவமைப்புப் பாடங்களிலும், ஆசிரியர் கல்விப் புத்தகங்களிலும் அடிக்கடி தலைகாட்டும் சொல் கெஸ்டால்ட். ஜெர்மன்காரர் வாயில் அது 'கெஷ்டால்ட்'. கண்ணில் படும் புள்ளி, கோடு, நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் மனம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அவை சேர்ந்து ஓர் உருவாகவே நமக்குத் தென்படுகின்றன. அப்படிச் சேர்ந்து நிற்கும் உருவுக்குத்தான் இந்தப் பெயர். தமிழில் இதைப் பெரும்பாலும் 'முழுமைக்காட்சி' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. அதற்கு முன் மூலச்சொல்லைப் பார்த்துவிடலாம்.

ஜெர்மனில் 'ஷ்டெல்லன்' என்றால் வைத்தல், நிறுத்துதல். அந்த வினையின் பழைய எச்ச வடிவத்திலிருந்து பிறந்தது கெஸ்டால்ட். 'வைக்கப்பட்டிருக்கும் விதம்' என்பது அடிப்பொருள். இடைக்கால ஜெர்மனில் ஒரு பொருளின் தோற்றத்தையும் தன்மையையும் குறித்தது. இன்று உருவம், வடிவம், இருட்டில் மங்கலாகத் தெரியும் ஓர் ஆள் என எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அதிலிருந்து வந்த 'கெஸ்டால்டுங்' வடிவமைப்பைக் குறிக்கிறது.

இந்தப் புழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. இந்தச் சிந்தனைப் பள்ளியை நிறுவிய மூவரில் ஒருவரான வொல்ஃப்காங் கோலர் அதை எடுத்துச் சொன்னார். ஒரு பொருளுக்கு இருக்கும் வடிவம் என்ற பண்பையும் கெஸ்டால்ட் குறிக்கும்; வடிவம் கொண்டு தனித்து நிற்கும் பொருளையே குறிக்கவும் செய்யும். ஜெர்மனில் இந்த இரட்டைப் பொருள் கவிஞர் கோதேயின் காலத்திலிருந்தாவது இருந்துவருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் திணறும் இடம் இதுதான்.

சொல் கலைச்சொல்லாக மாறியது 1890-இல். கிறிஸ்டியான் ஃபொன் ஏரன்ஃபெல்ஸ் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி 'கெஸ்டால்ட் பண்புகள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் முக்கிய எடுத்துக்காட்டாகக் கையில் எடுத்தது படத்தை அல்ல, மெட்டை. ஒரு மெட்டை வேறு சுருதிக்கு மாற்றிப் பாடினால் அதன் ஒவ்வொரு ஒலியும் மாறிப்போகிறது. ஆனாலும் அதே மெட்டு என்று உடனே கண்டுகொள்கிறோம். அதே ஒலிகளை வரிசை மாற்றிப் பாடினால் மெட்டே காணாமல் போகிறது. அப்படியானால் மெட்டு ஒலிகளுக்குள் இல்லை, ஒலிகளுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. எளிமையான கேள்விதான். ஆனால் அனுபவத்தைச் சின்னச் சின்ன உணர்வுத் துகள்களாக உடைத்து, பிறகு கூட்டிக்காட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த அன்றைய உளவியலுக்கு இது தொண்டையில் சிக்கிய முள்.

பிராகாவில் ஏரன்ஃபெல்ஸின் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் மாக்ஸ் வெர்தைமர். 1912-இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் கெஸ்டால்ட் உளவியலின் கணக்கு தொடங்குகிறது. சோதனை இதுதான்: இரண்டு கோடுகளை, ஒன்றையடுத்து மற்றொன்றாக, வேறு வேறு இடத்தில் ஒளிரச் செய்தார். இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி விநாடி இருந்தால் முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று தெரிந்தது. 30 அளவுக்குக் குறைத்தால் இரண்டும் ஒன்றாகவே ஒளிர்ந்ததுபோல் இருந்தது. நடுவில், 60-ஐ ஒட்டி, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. நகர்ந்தது எதுவுமில்லை, ஆனாலும் நகர்வு தெரிந்தது. நிற்கும் படங்களை வரிசையாகக் காட்டி ஓடும் காட்சியாக்கும் திரைப்படம் பிழைப்பதும் இந்த வகை ஏமாற்றத்தில்தான். சோதனையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கோலரும் கூர்ட் கோஃப்காவும். பிராங்க்பர்ட்டில் நடந்த அந்தச் சோதனையோடு மூவர் அணியும் அமைந்துவிட்டது.

காட்சி உறுப்புகள் எப்படிக் குழுவாகின்றன என்பதை வெர்தைமர் 1923-இல் தனிக் கட்டுரையாக எழுதினார். அதன் தொடக்கம் எனக்குப் பிடித்த ஒன்று. சன்னலருகே நின்று வீட்டையும் மரங்களையும் வானத்தையும் பார்க்கிறேன்; கோட்பாட்டின்படி 327 ஒளி, நிறச் சாயல்களைப் பார்க்கிறேன் என்று சொல்லலாம்; ஆனால் என்னிடம் 327 இருக்கிறதா? இல்லை, வானமும் வீடும் மரங்களும்தான் இருக்கின்றன என்ற பொருளில் ஆரம்பிக்கிறார். அதன் பிறகு முழுக்கப் புள்ளிகளும் கோடுகளும்.

அந்த விதிகளைப் பார்க்கப் படம்கூடத் தேவையில்லை, நம் எழுத்தே போதும். 'பலகை' என்று எழுதினால் ஒரு பொருள். அதே மூன்று எழுத்தை 'பல கை' என்று எழுதினால் கைகள் பல. 'தாமரை' பூ, 'தா மரை' தாவுகிற மான். எழுத்து ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. நடுவில் ஒரு சிறு வெற்றிடம் மட்டும் வந்தது. ஒருமொழியாகவும் தொடர்மொழியாகவும் நிற்கும் இவற்றை நம் இலக்கணம் பொதுமொழி என்கிறது. கண் இங்கே செய்யும் வேலைக்கு வெர்தைமர் வைத்த பெயர் அண்மை: பக்கத்தில் இருப்பவை ஒரு குழுவாகத் தெரியும்.

இப்போது இதைப் பாருங்கள்: கககமமமககக. இடைவெளி எங்கும் ஒன்றுதான், ஆனாலும் மூன்று கூட்டங்கள் தெரிகின்றன. இது ஒப்புமை. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரு வளைகோடுகளில், ஒவ்வொன்றும் தன் போக்கிலேயே போவதாகப் பார்ப்பது தொடர்ச்சி. ஒலிம்பிக் சின்னத்தில் ஐந்து வளையங்கள் தெரிகின்றனவே தவிர, வெட்டுப்பட்ட வில் துண்டுகளின் குவியல் தெரியவில்லை அல்லவா? விட்டுப்போன விளிம்பை மனமே வரைந்துகொள்வது நிறைவாக்கம். உலக இயற்கை நிதியத்தின் பாண்டாவுக்கு முதுகுக்கோடு கிடையாது. தேடிப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

பொதுப்போக்கு என்ற விதி இவற்றைவிடச் சுவையானது: ஒன்றாக நகர்பவை ஒன்றாகத் தெரியும். புல்லோடு புல்லாக அசையாமல் கிடக்கும் பூச்சி ஓர் அடி எடுத்து வைத்ததும் காட்டிக்கொடுக்கப்படுவது இதனால்தான். 1973-இல் ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன் இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனார். ஓர் ஆளின் மூட்டுகளில் மட்டும் சின்ன விளக்குகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவைத்துப் படமெடுத்தார். ஆள் நின்றால் வெறும் புள்ளிகள். நடந்தால், கணத்திலும் குறைந்த நேரத்தில், மனிதன்.

எது உரு, எது பின்புலம் என்ற பிரிவினையை டென்மார்க்கின் எட்கர் ரூபின் 1915-இல் ஆராய்ந்தார். பூச்சாடியாகவும் எதிரெதிர் முகங்களாகவும் மாறி மாறித் தெரியும் படம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நடுவிலுள்ள விளிம்பு ஒன்றே. அது எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதில்தான் சண்டை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் அது சொந்தமாவதில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். 'முழுமைக்காட்சி' என்பதன் முதல் குறை 'காட்சி'. ஏரன்ஃபெல்ஸ் மெட்டிலிருந்து தொடங்கினார் என்று பார்த்தோம். காதுக்கும் உரிய கருத்தைக் கண்ணுக்குள் அடைப்பானேன்? இரண்டாவது குறை பெரியது. 'முழுமை' என்றதும் குறையில்லாதது, நிறைந்தது என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது. கெஸ்டால்ட்டோ நிறைவைப் பற்றியதல்ல, உறவைப் பற்றியது. 'முழுமை பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது' என்று இந்தப் பள்ளியின் தலையில் கட்டப்படும் வாசகம்கூட அப்படிப் பரவியதுதான். கோஃப்கா 1935-இல் அதைத் திருத்தியே எழுதினார்: முழுமை, பகுதிகளின் கூட்டுத்தொகையிலிருந்து வேறானது, கூட்டிப் பார்ப்பதே இங்கே பொருளற்ற வேலை. பெரியது என்பதற்கும் வேறானது என்பதற்கும் உள்ள தூரம் சின்னதல்ல.

உறவு என்பதற்கு நல்ல சான்று கோலரின் கோழிகள். இரண்டு சாம்பல் நிறத் தாள்களில் வெளிறியதன் மேலுள்ள தீனியை மட்டும் கொத்த அவற்றைப் பழக்கினார். பிறகு அந்தத் தாளோடு அதைவிட வெளிறிய புதிய தாளை வைத்தார். பழகிய தாளுக்குப் போகாமல் கோழிகள் பெரும்பாலும் புதியதற்கே போயின. அவை கற்றது நிறத்தை அல்ல, 'இரண்டில் வெளிறியது' என்ற உறவை.

'வடிவம்' என்று சுருக்கமாக விட்டுவிடலாமா? அது வெளிக்கோட்டோடு நின்றுவிடுகிறது. 'முழுவுரு' அழகான சொல்தான், ஆனால் தலை முதல் கால் வரையுள்ள படத்துக்கும் சிலைக்கும் அது ஏற்கெனவே போய்விட்டது. 'உருவமைப்பு' ஏறக்குறைய சரி. ஆனால் அமைப்பு என்றால் யாரோ அமைத்தது. அமைத்தல் பிறவினை, அமைதல் தன்வினை. யோஹான்சனின் புள்ளிகள் மனிதனாவது நாம் உட்கார்ந்து யோசித்து அமைத்ததால் அல்ல, தானே அமைகிறது. வேண்டாம் என்று நினைத்தாலும் அமைகிறது. ஆகவே என் தேர்வு 'உருவமைவு'. 'வைக்கப்பட்டிருக்கும் விதம்' என்ற ஜெர்மன் அடிப்பொருளுக்கும் 'அமைவு' பக்கத்தில் நிற்கிறது.

'உரு' மட்டும் கண்ணைச் சேர்ந்ததில்லையா என்று கேட்கலாம். தமிழில் அது அத்தனை குறுகிய சொல் அல்ல. செய்யுளை உருப்போடுகிறோம். இசைக்கலைஞர்கள் ஒரு பாட்டை உருப்படி என்கிறார்கள். ஏரன்ஃபெல்ஸின் மெட்டுக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இந்தத் திண்டாட்டம் நடந்தது. வடிவம், கட்டமைவு என்ற பொருளில் சில சொற்களை முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் ஜெர்மன் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஆட்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். கோஃப்கா 1927-இல் அமெரிக்காவில் குடியேறினார். நாஜிகள் வந்ததும் 1933-இல் வெர்தைமர் நியூயார்க் போனார். யூதப் பேராசிரியர்களை நீக்கியதைக் கண்டித்து அதே ஆண்டு பெர்லின் நாளிதழில் வெளிப்படையாக எழுதிய கோலர், 1935-இல் கிளம்பினார்.

கோட்பாட்டின் எல்லாப் பகுதியும் பிழைக்கவில்லை. மூளையில் பரவும் மின்புலங்கள்தான் இந்த அமைவுக்குக் காரணம் என்று கோலர் நம்பினார். 1951-இல் கார்ல் லாஷ்லியும் உடனிருந்தவர்களும் குரங்குகளின் மூளைமேல் தங்கத் தகடுகளை வைத்து அந்தப் புலத்தைக் குலைக்கப் பார்த்தார்கள். குரங்குகளின் பார்வை பிசகவில்லை. விதிகள் நடப்பதை விவரிக்கின்றன, ஏன் நடக்கிறது என்று விளக்கவில்லை என்ற குறை நீண்ட நாள் இருந்தது. பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இத்தாலியின் கயெட்டானோ கனிஸ்ஸா 1955-இல் காட்டிய படத்தில், துண்டு வெட்டிய மூன்று வட்டுகளுக்கு நடுவே வரையப்படாத முக்கோணம் ஒன்று பளிச்சென்று தெரியும். இதுபோன்ற இல்லாத விளிம்புகளுக்கும், குரங்கு மூளையின் வி2 என்ற பார்வைப் பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் துலங்குவதாக 1984-இல் ஓர் ஆய்வு கண்டது. மனம் வரைந்துகொள்கிறது என்று முன்பு சொன்ன வேலை, பார்வைப் பாதையின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உருவமைவு, உருவமைவு விதிகள், உருவமைவு உளவியல் என்று தயங்காமல் எழுதலாம். 1951-க்குப் பிறகு ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் பெயரோடு பரவிய உளச்சிகிச்சை முறையை மட்டும் 'கெஸ்டால்ட் சிகிச்சை' என்றே விட்டுவிடுவது நல்லது. அது இங்கிருந்து பெயரை எடுத்துக்கொண்ட அளவுக்குக் கருத்தை எடுத்துக்கொள்ளவில்லை.