மைசீலியம்: காளானின் வேரா, உடலா?

மைசீலியம் என்பது பூஞ்சையின் உடல். குடை விரித்து நிற்கும் காளான், அந்த உடல் வித்துகளைத் தூவுவதற்காகச் சில நாள் மட்டும் காட்டும் கனி. உணவைத் தேடிப் படர்வதும், நொதிகளைக் கசியவிட்டு வைக்கோலைக் கரைத்து உறிஞ்சுவதும், மருந்தாகும் வேதிப்பொருள்களில் பலவற்றை உண்டாக்குவதும் மைசீலியம்தான். இதைச் சிலர் "காளான் வேர்" என்று எழுதுகிறார்கள். அது பிழை. வேர் செடியின் ஓர் உறுப்பு. இதுவோ அந்த உயிரே.

கிரேக்கத்தில் 'மைக்கீஸ்' என்றால் காளான். அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் ஆக்கிக்கொண்ட இலத்தீன் வடிவம் மைசீலியம். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்தின் பெயரிலும் இதே சொல் ஒட்டியிருக்கிறது. அம்மருந்தைத் தருவது ஒரு பாக்டீரியா. இழை இழையாக வளர்ந்ததால் அந்த இனத்தை முதலில் பூஞ்சை என்றே எண்ணினார்கள், பெயர் நிலைத்துவிட்டது. மைசீலியத்தின் தனி இழைக்கு ஹைஃபா என்று பெயர். 'ஹைஃபே' என்றால் கிரேக்கத்தில் நெசவு. கண்டாங்கி நெய்த காரைக்குடிப் பக்கத்துக்கு இதை விளக்கவே வேண்டாம்: தறியில் ஓடுவது இழை, இழைகள் சேர்ந்தால் சேலை.

தமிழில் பழஞ்சொல் ஆம்பி. சமைப்பதையே மறந்த அடுப்பில் "ஆம்பி பூப்ப" என்று வறுமையைச் சொல்கிறார் பெருந்தலைச் சாத்தனார் (புறநானூறு 164). சிறுபாணாற்றுப்படையில், கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் பூப்பது "காளாம்பி". இரண்டு இடத்திலும் வினை 'பூத்தல்' என்பதைக் கவனியுங்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் "பூத்துப்போச்சே" என்று ஆச்சிமார் பதறுவதும் அதே வினைதான். ஈராயிரம் ஆண்டாக அது மாறவில்லை. ஆனால் இச்சொற்கள் எல்லாம் வெளியே பூப்பதைக் குறிப்பவை. உள்ளே படரும் உடலுக்குத் தனிச்சொல் வேண்டும்.

வேளாண் துண்டறிக்கைகளில் 'பூசண இழை' வழங்குகிறது. நல்ல சொல்தான், ஆனால் ஹைஃபாவுக்கும் மைசீலியத்துக்கும் அதையே போட்டால் குழப்பம். ஹைஃபாவைப் பூசண இழை என்றும், மைசீலியத்தைப் பூசண இழைவலை என்றும் பிரித்துக்கொள்வதே பொருத்தம் என்பேன். 'இழையம்' வேண்டாம், இலங்கைத் தமிழில் அது திசுவைக் குறிக்கும்.

இழைவலையைக் கண்ணால் பார்க்க, "காளான் விதை" என்று விற்கிற பையைப் பிரித்தால் போதும். அரைவேக்காட்டுச் சோள மணிகள் வெள்ளை இழையால் பிணைந்து கட்டியாக இருக்கும். விதை என்று அதில் எதுவும் கிடையாது. காளானின் உட்சதையில் ஒரு துணுக்கை எடுத்து, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்த்த அகர் என்னும் கடற்பாசி ஜெல்லியில் வளர்த்து, சோளத்துக்கு மாற்றிப் பெருக்கியது அது. வேகவைத்த வைக்கோல் அடுக்குகளுக்கிடையே அதைத் தூவினால் இரண்டு, மூன்று வாரத்தில் பை முழுக்க வெளுத்துவிடும். "நூல் நல்லா ஓடிருச்சு ஆச்சி, பையைக் கீறலாமா?" என்று கொட்டகையில் வேலை பார்க்கும் பெண் கேட்பது அப்போதுதான். நடுவே பச்சைத் திட்டு தெரிந்தால் அது ட்ரைக்கோடெர்மா என்னும் வேறு பூஞ்சை. அந்தப் பையை உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும். செட்டிநாட்டு வெக்கைக்கு, 30 டிகிரிக்கு மேலும் விளையும் பால் காளானே ஏற்றது.

மருந்து ஆய்வுக்கோ காளான் பூக்கவே வேண்டியதில்லை. இழைவலையை ஊட்டக் கரைசலில் வளர்த்து, அது சுரப்பதைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சை சிட்ரிக் அமிலத்தை ஏராளமாகத் தரும் என்று 1917இல் ஜேம்ஸ் கரி காட்டினார். 1928இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார். 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பெனிசிலியம் சிட்ரினத்திலிருந்து முதல் ஸ்டாட்டினை, அதாவது உடலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கும் பொருளை, பிரித்தார். எதிரி நுண்ணுயிர்களை ஒடுக்கப் பூஞ்சைகள் இப்படித் தடுக்கும் பொருள் ஏதாவது சுரக்கும் என்பது அவர் கணிப்பு. ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் தரும் லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையானது. அதே பொருள் சிப்பிக் காளானிலும் சிறிதளவு உண்டு.

காளான் தூள், காளான் கேப்சூல் வாங்குவோர், அது கனியுடலா (காளானா) இழைவலையா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இழைவலையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்திருந்தால், தூளில் ஒரு பங்கு சோள மாவோ அரிசி மாவோதான். பொட்டலத்தின் மேல் கனியுடலா இழைவலையா, இழைவலை என்றால் தானியத்தோடு அரைத்ததா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.